பதினேழாம் வீடு

அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும் என்பாய். எழுதிவிட்டேன், வைத்துக்கொள். அத்தானின் நெஞ்சுச்சளி எப்படி இருக்கிறது? மலைக்குளிர் தொடங்கும் முன்பே டாக்டரிடம் காட்டிவிடு.

போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்டேன். "போன்ல நீ ம்ம் ம்ம்னுட்டே கம்ப்யூட்டரைப் பாக்குற. காகிதத்துல ம்ம்னு எழுதி அனுப்புடா பாப்போம்" என்றாய். தோற்றேன். எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் ஆட்கள் பின்புறச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனார்களே, அதுதான் நாங்கள் ஐந்து வருஷமாகக் கட்டி அழும் ஹீட் பம்ப். வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டையும் உறிஞ்சி வீட்டுக்குள் விடும். ஹாலில் மாட்டியிருக்கும் சின்ன வெள்ளைப் பெட்டி, அறை எவ்வளவு சூடு என்று அதற்குச் சொல்லும். நீங்கள் எப்போது எழுகிறீர்கள், எப்போது குளிக்கிறீர்கள் என்பதையெல்லாம் அது தானாகவே கற்றுக்கொண்டு, தேவையான நேரத்துக்கு மட்டும் ஓடும். எல்லாக் கணக்கும் நிமிஷத்துக்கு நிமிஷம் இங்கே என் திரைக்கு வந்துவிடும்.

மொத்தம் முப்பது வீடுகள். உன் வீடு பதினேழு. மார்ச்சுக்குள் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாக வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் பிரிவை மூடிவிடுவார்கள், ஆறு பேரும் வெளியே. எங்கள் மேலாளரம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் 'சதவீதம்'. அந்த அம்மா வாயில் வேறு வார்த்தையே வராது.

நீ செய்யவேண்டியது ஒன்றுமில்லை. எப்போதும் போல இருங்கள். அதுதான் பரிசோதனை.

அன்புடன்,
தம்பி

அக்டோபர் 20

அன்புத் தம்பி திருகாணிக்கு,

(கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றிப் போட்டவனுக்கு வேறு பெயர் எதற்கு?) இங்கே இருவரும் சுகம். அத்தான் டாக்டரிடம் போகமாட்டாராம். "பஸ் ஓட்டின காலத்துல இஞ்சின் சூட்டுலயே உக்காந்திருந்தேன், இப்ப அந்தச் சூடு இல்லாமதான் இருமுது" என்று புதுசாக ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருக்கிறார்.

குளிர்காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சுகிறதாம்! கல்லில் நார் உரிக்கிற வேலைக்குப் போய் ஐந்து வருஷத்தைக் கொடுத்தாயே. ஆனால் பொய் சொல்லக்கூடாது, வீடு நன்றாகத்தான் இருக்கிறது. அத்தான் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு ஹாலில் ராஜா மாதிரி உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். காலையில் அது உறுமத் தொடங்கினால் "டிப்போவுல முதல் வண்டி கிளம்பிடுச்சு" என்கிறார்.

மூடிவிடுவார்கள் என்று எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்குப் பழைய ஞாபகமே வருகிறது. போன தடவை உன் கம்பெனியை மூடியபோது நீ எங்கள் மாடி அறையில் போர்வைக்குள் கிடந்தாயே, மாசக்கணக்காக. சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு, எடுத்தாயா என்று படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தவள் நான். இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லையடா.

எங்கள் வீட்டுக்கு என்ன மார்க்? உள்ளதை எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

நவம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள். நான் இருக்கிறேன்.

மார்க் கேட்டாய். முப்பதில் இருபத்திரண்டாவது இடம். அத்தானுக்குச் சூடு கொஞ்சம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். மொத்தத்தில் எல்லா வீடுகளையும் சேர்த்தும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம்கூட வரவில்லை. நேற்று கூட்டத்தில் சதவீதம் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பாதியிலேயே முடித்துவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இப்படியே போனால் மார்ச் வரைகூடக் காத்திருக்காமல் டிசம்பரிலேயே மூடிவிடுவார்கள் என்று பேச்சு.

நீளமாக எழுத முடியவில்லை அக்கா. களைப்பு. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு. வேலை முடிந்து அறைக்கு வந்தால் சட்டையைக் கழற்றக்கூடக் கை வரமாட்டேன் என்கிறது.

தம்பி

நவம்பர் 29

அன்புத் தம்பிக்கு,

இருவரும் சுகம். நீ சட்டையைக் கழற்றாமல் தூங்கினாலும் பரவாயில்லை, சாப்பிடாமல் தூங்காதே.

இங்கே வீட்டைக் கொஞ்சம் மாற்றிப் போட்டிருக்கிறேன். ஹால் எதற்கு, இரண்டே பேருக்கு? சமையலறையிலேயே மேசை நாற்காலியைப் போட்டுவிட்டோம். பேப்பர், ரேடியோ, என் தையல் எல்லாம் அங்கேதான். கிடங்கில் கிடந்த பழைய மண்ணெண்ணெய் அடுப்பைத் துடைத்து ஏற்றினேன், இன்னும் நன்றாக எரிகிறது. உன் வெள்ளைப் பெட்டி ஹால் சுவரில் துருத்திக்கொண்டு கண்ணை உறுத்தியது. ஒயர்தான் கிடையாதே, அதையும் எடுத்துச் சமையலறையிலேயே மாட்டிவிட்டேன். அத்தான், "ஒரே ரூம்ல குடித்தனம், புதுசா கல்யாணம் ஆன மாதிரி இருக்கு" என்று கேலி செய்கிறார். வயசுக்கேற்ற பேச்சா இது?

இந்த மாசம் மார்க் வந்ததும் எழுது. மறந்துவிடாதே.

அக்கா

டிசம்பர் 22

அக்கா!

எங்கே இருந்து தொடங்குவது? பதினேழாம் வீடு முதலிடம்! மூன்றில் ஒரு பங்கு கேட்டால் மூன்றில் இரண்டு பங்கு மிச்சப்படுத்தியிருக்கிறது. எங்கள் ஆறு பேரில் ஒருவன் திரையில் வந்த உன் வீட்டு வரைகோட்டை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டான். சதவீதம் அம்மா சிரித்தார். பல் இருப்பதையே அன்றுதான் பார்த்தோம்.

அந்த அம்மாவுக்கு ஒரு யோசனை. உன் வீட்டு இயந்திரம் எதைக் கற்றுக்கொண்டதோ, அதையே மற்ற இருபத்தொன்பது வீடுகளுக்கும் அனுப்பிவிடுவது. இங்கே ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், ஒரு வீட்டின் புத்தி எல்லா வீட்டுக்கும் போய்விடும். புத்தாண்டு பிறந்ததும் செய்கிறோம்.

உன் கடிதத்தை அவசரமாகத்தான் படித்தேன், மன்னித்துக்கொள். சுகமா என்று கேட்கவும் தேவையில்லை. திரையில் தெரிகிறது. இந்த நிமிஷம் உன் வீடு இருபத்தோரு டிகிரி. இதற்கு மேல் என்ன சுகம் வேண்டும்?

உன் திருகாணி

ஜனவரி 8

அன்புத் தம்பிக்கு,

முதலிடம் என்று படித்ததும் அத்தானுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "நம்ம வீடு எதுலயாவது முதல்ல வந்திருக்கா இதுக்கு முன்னாடி?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ ஆச்சரியக்குறி போட்டு எழுதி எத்தனை நாளாயிற்று!

அத்தானுக்கு இருமல் கொஞ்சம் கூடியிருக்கிறது. அடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. படுக்கும்போது இரண்டு கம்பளி போர்த்திவிடுகிறேன். பெரிசாக ஒன்றுமில்லை, நீ வேலையைப் பார்.

அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. உன் வீட்டுப் புத்தியை எல்லா வீட்டுக்கும் அனுப்பியதிலிருந்து போன் ஓயவில்லை. சாயங்காலமானால் இயந்திரம் நின்றுவிடுகிறதாம், வீடு சில்லிட்டுப்போகிறதாம். ஒரு வீட்டம்மா, "உங்க மிஷினுக்கு எங்களைப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க" என்று சண்டைக்கே வந்துவிட்டார். பாதிப் பேர் கடையில் மின்சார ஹீட்டர் வாங்கிச் செருகிவிட்டார்கள். மிச்சம் போய், முன்பைவிட அதிகமாக மின்சாரம் ஓடுகிறது.

உன் வீட்டில் மட்டும் எல்லாம் ஒழுங்கு. அதுதான் எனக்குப் புரியவில்லை. நேற்று முழுவதும் பதினேழாம் வீட்டின் வரைகோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் இயந்திரம் ஓடாமல் நிற்கிறது, ஆனால் சூடு ஏறுகிறது. ஓடாத வண்டி மேட்டில் ஏறுமா? நீங்கள் சாப்பிட்டுப் படுக்கப் போகும் நேரத்தில் இறங்குகிறது.

அப்புறம் உன் நவம்பர் கடிதத்தை எடுத்து, இந்தத் தடவை இரண்டு கண்ணாலும் படித்தேன்.

அக்கா, படுக்கையறை எவ்வளவு குளிராக இருக்கிறது? அத்தான் எப்படி இருக்கிறார்? உடனே எழுது. போனையும் எடுக்கமாட்டேன் என்கிறாயே.

தம்பி

பிப்ரவரி 14

தம்பிக்கு,

பதில் தாமதம். அத்தானை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. நிமோனியா. மூன்று நாள் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்திருந்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, இப்போது கஞ்சி குடிக்கிறார், நர்ஸோடு வம்பு பேசுகிறார். பயப்படாதே.

இனி எதை மறைக்க? நீ கண்டுபிடித்ததுதான். அடுப்புக்கு மேலே பெட்டியை மாட்டினால் வீடு சூடாக இருக்கிறது என்று உன் இயந்திரம் நம்பிவிடும் என்று எனக்கே தோன்றியது, படித்தவளா நான்? ஹாலும் படுக்கையறையும் ஐஸ் பெட்டி. மூச்சு விட்டால் புகை வந்தது. நான் தாங்கிக்கொண்டேன். அவர் நெஞ்சு தாங்கவில்லை.

உன் களைப்பைப் படித்த அன்றைக்கு முடிவு செய்தேன். இருபத்திரண்டாவது இடம் என் தம்பி வேலைக்கு உலை வைக்கக்கூடாது என்று.

இப்போது ஒன்று கேட்கிறேன், தட்டாதே. உங்கள் ஆபீசில் இதைச் சொல்லிவிடாதே. பெட்டியை ஹாலில் திரும்ப மாட்டிவிட்டேன், இனி ஒழுங்காக இருப்பேன். ஆனால் பழைய மார்க் அப்படியே இருக்கட்டும். நீ சொல்லிவிட்டால் அவர் குளிரில் கிடந்ததெல்லாம் எதற்கு? வீணாகப் போய்விடுமேடா.

அக்கா

மார்ச் 3

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

ஆஸ்பத்திரி முகவரிக்கு எழுதுகிறேன். மதியம் அக்கா வீட்டுக்குப் போகும் நேரத்தில் கொடுக்கும்படி உங்கள் வார்டு நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் கட்டிலருகே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தும் இதைச் சொல்ல வாய் வரவில்லை. வாய்வரை வந்தபோது அக்கா டீயோடு வந்துவிட்டாள், டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

ஆபீசில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை அத்தான். குறை மற்ற வீடுகளில்தான், பதினேழாம் வீட்டுக் கணக்கு சரி என்று நம்பி, அந்தப் புத்தியைக் கொண்டு இன்னும் ஆயிரம் வீட்டுக்கு இயந்திரம் செய்யப்போனார்கள். ஒவ்வொரு வீட்டிலும் உங்களைப்போல ஒரு நெஞ்சு இருக்கும். சதவீதம் அம்மா கேட்டுவிட்டு, "பெரியவர் எப்படி இருக்கார்?" என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் பிரிவை மூடும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். இந்த மாசக் கடைசியோடு முடிகிறது.

மூடுவதை அக்காவிடம் நானே சொல்கிறேன். ஆனால் அவளிடம் சொல்லக்கூடாத ஒன்று இருக்கிறது. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, அதனால் உங்கள் தலையில் கட்டுகிறேன்.

பதினேழாம் வீட்டை எடுத்துவிட்டு மற்ற இருபத்தொன்பது வீடுகளின் டிசம்பர் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தது. மயிரிழையில்தான், ஆனாலும் தாண்டியிருந்தது. அக்கா ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் நாங்கள் தேறியிருப்போம். அவள் வீட்டு மார்க்கைப் பார்த்துப் பேராசைப்பட்டு மற்ற வீடுகளைக் கெடுத்தோம், அந்த இழப்பை மார்ச்சுக்குள் ஈடுகட்ட முடியவில்லை. பிரிவு மூடியது அதனால்தான்.

குற்றம் அவள்மேல் இல்லை. முதல் மாசம் இயந்திரம் கற்றுக்கொள்ளும் மாசம், மார்க் எப்போதும் மட்டமாகத்தான் இருக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும். நவம்பர் கடிதத்தில் அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் அவள் பெட்டியைத் தொட்டே இருக்கமாட்டாள். களைப்பில் எழுதவில்லை. ஒரு வரி அத்தான்.

படித்ததும் கிழித்துவிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள்,
மைத்துனன்

மார்ச் 12

மாப்பிள்ளைக்கு,

கிழித்தாயிற்று. நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன். விடுப்பு விண்ணப்பம் மட்டும்தான் எழுதியிருக்கிறேன், அதிலும் பாதி பொய். எழுத்தைப் பொறுத்துக்கொள்.

உன் அக்காவைத் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே. சமையலறைச் சுவரில் அந்தப் பெட்டிக்கு ஆணி அடித்தவன் நான். "எதுக்குடி?" என்று கேட்டேன். "தம்பிக்கு" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நீ மாடியில் கிடந்த காலத்தில் அவள் மெலிந்ததை நானும்தான் பார்த்தேன். அதைவிட இருமலே மேல் என்று நினைத்துவிட்டேன். டிரைவருக்குக் கணக்கு அவ்வளவுதான் வரும்.

நீ சொன்னதை அவளிடம் சொல்லாதே. எனக்கு மாத்திரை எடுத்துத் தரும்போதெல்லாம் இரண்டு தடவை எண்ணிப் பார்க்கிறாள். நான் அவளால்தான் படுத்தேன் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை, அவளே சொல்லிக்கொள்கிறாள். அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, உன் வேலையைக் கொஞ்ச நாளாவது தாங்கிப் பிடித்தோம் என்பது. அதையும் பிடுங்கிவிட்டால் விழுந்துவிடுவாள்.

அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

அத்தான்

ஏப்ரல் 6

தம்பிக்கு,

சுகமா என்று கேட்கமாட்டேன், உன்மேல் கோபமாக இருக்கிறேன். சொல்லாதே என்று சொல்லியும் சொல்லிவிட்டாய். நீ அரிச்சந்திரனாகிவிட்டாய், உன் அக்காவை ஊரறியப் பொய்க்காரி ஆக்கிவிட்டாய். ஆறு குடும்பத்து வயிற்றில் அடித்துவிட்டு அப்படி என்ன உண்மை வேண்டிக்கிடக்கிறது என்று நாலு நாள் தனியாகப் புலம்பினேன். ஐந்தாம் நாள், அதே இயந்திரம் போகவிருந்தது என்று நீ போனில் சொன்ன அந்த ஆயிரம் வீடுகளை நினைத்தேன். கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதி இருக்கிறது, வை.

அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார். வாசல்வரை நடக்கிறார், திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டு "நடந்தேன் பாத்தியா?" என்கிறார். பாதி ஆளாகிவிட்டார். சட்டை தோளில் நிற்கவில்லை, எல்லாவற்றையும் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

தைக்கும்போதெல்லாம் ஒரே யோசனை. பகலில் பரவாயில்லை, அவர் கண்ணை மூடித் தூங்கும்போதுதான் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் செய்தது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் உங்கள் பிரிவை டிசம்பரிலேயே மூடியிருப்பார்கள், இல்லையா? இருபத்திரண்டாவது இடமும் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மார்ச் வரைக்குமாவது நான் தள்ளிப்போட்டேன் இல்லையா? அவர் பட்டதற்கு அவ்வளவாவது பலன் இருந்தது, இல்லையா?

இவரைக் கேட்டால் "உன் தம்பியைக் கேளு" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். நீ சொல். போனில் வேண்டாம். போனில் நீ எனக்காகச் சொல்வாய். எழுதும்போது நீ பொய் சொல்லமாட்டாய்.

அக்கா

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

காலையில் எழுந்திருக்கிறேன், குளிக்கிறேன், வேலை தேடிப் போகிறேன். இரண்டு இடத்தில் வரச்சொல்லியிருக்கிறார்கள். சாப்பிடவும் செய்கிறேன். அதனால் என்னைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம் அக்கா. டிசம்பரிலேயே மூடியிருப்பார்கள். நீதான் மார்ச் வரைக்கும் தள்ளிப்போட்டாய்.

இதை அத்தானுக்கும் உரக்கப் படித்துக் காட்டு.

தம்பி